தடுப்புச் சுவரும் தப்புக் கணக்கும்

"சுவர் தானே சார், நாலு நாள் வேலை."

மலைப்பக்கம் வீடு கட்டிய எல்லோரும் ஒரு முறையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று ஊர் மாறும்; வசனம் மாறாது. சரிவில் நாலு சென்ட் மனை. வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தோட்டம் போட ஆசை. கேரட், பீன்ஸ், நாலு ரோஜாச் செடி, முடிந்தால் ஒரு ஊஞ்சல். ஆனால் நிலம் சாய்ந்து கிடக்கிறது. அதைச் சமமாக்க மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் கொட்ட வேண்டும். கொட்டிய மண் ஓடாமல் நிற்க ஒரு சுவர் வேண்டும். அவ்வளவு தானே?

அவ்வளவு தான் என்று நினைப்பதில் தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. வீட்டுச் சுவர், காம்பவுண்டுச் சுவர், தடுப்புச் சுவர் எல்லாமே 'சுவர்' என்று முடிவதால் மூன்றும் ஒன்று தான் என்று முதல் முறை கட்டுபவர் நம்பிவிடுகிறார். வீட்டுச் சுவர் மேலிருந்து வரும் எடையைத் தாங்குகிறது. காம்பவுண்டுச் சுவர் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். தடுப்புச் சுவரோ, பக்கவாட்டில் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு எதிரியோடு மல்லுக்கு நிற்கிறது.

அந்த எதிரி மண் என்று தான் பலரும் நினைக்கிறார்கள். மண் பாதி எதிரி. மீதிப் பாதி, அதுவும் பெரிய பாதி, தண்ணீர். தடுப்புச் சுவரின் முதல் வேலை மண்ணைத் தடுப்பது அல்ல. தண்ணீரைத் தடுக்காமல் இருப்பது! இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டிய சுவர் எத்தனை மூட்டை சிமெண்ட் தின்றிருந்தாலும் ஒரு பெருமழைக்காகக் காத்துக்கொண்டிருக்கும் சுவர் தான். அந்த மழை வரும்போது அது மேலே ஊஞ்சலில் இருப்பவர் மீது விழாது. கீழே இருப்பவர் மீது தான் விழும்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் ஓடிவிட வேண்டாம். நாலு வரி தான்.

சாதாரணத் தோட்டத்து மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1800 கிலோ எடை. 1 மீட்டர் உயரத்துக்கு (மூன்றேகால் அடி) அப்படிப்பட்ட மண்ணைக் காய்ந்த நிலையில் நிறுத்தி வைத்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறக்குறைய 300 கிலோ விசையோடு தள்ளும். சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கி 2 மீட்டர் ஆக்கினால், விசை 600 கிலோ ஆகும் என்று தான் மனம் சொல்லும். ஆகாது. 1200 கிலோ ஆகும். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரைக் குப்புறக் கவிழ்க்கப் பார்க்கும் திறனோ எட்டு மடங்கு. "இன்னும் ரெண்டு வரி கல் ஏத்திடலாம் சார், தோட்டம் பெருசாகும்" என்று சொல்லும்போது ஏறுவது இரண்டு வரி கல் மட்டும் அல்ல என்பது இப்போது விளங்கும்.

இது காய்ந்த மண்ணின் கணக்கு. இனி மழை வருகிறது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் மேல்மட்டம் வரை நிற்கிறது. இப்போது அதே 2 மீட்டர் சுவரின் மேல் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் விழும் விசை ஏறக்குறைய 2700 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல்! 10 மீட்டர் நீளச் சுவர் என்றால் 27 டன். இருபது கார்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய எடை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரின் அழுத்தத்துக்கு அதன் அளவு முக்கியம் இல்லை, உயரம் தான் முக்கியம். சுவருக்குப் பின்னால் ஒரு குளமே நின்றாலும், விரல் அகல இடுக்கில் தண்ணீர் நின்றாலும் சுவரின் மேல் விழும் அழுத்தம் ஒன்று தான். ஆகவே "எங்க பக்கம் அவ்வளவு தண்ணி வராது" என்ற சமாதானம் செல்லாது. ஒரு குடம் அளவுத் தண்ணீர் சரியான இடத்தில் மாட்டிக்கொண்டால் போதும்.

சரி, அப்படியானால் எந்தக் கணக்கும் போடாமல் கட்டிய அத்தனை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களும் எப்படி நிற்கின்றன? நியாயமான கேள்வி தான். 2 மீட்டர் உயரமுள்ள அந்தச் சுவர் மீட்டருக்குச் சுமார் 900 கிலோ எடை இருக்கும். மண்ணின் முழுத் தள்ளுதலும் அதன் மேல் விழுந்தால், தன் எடையால் அது சமாளிக்கக் கூடியதைப் போல ஏறக்குறைய 8 மடங்கு கவிழ்ப்பு விசை வரும். நிற்கவே கூடாத சுவர் அது. ஆனாலும் நிற்கிறது. காரணம், காய்ந்த செம்மண்ணும் களிமண்ணும் ஓரளவு உயரம் வரை தாமாகவே பிடித்துக்கொண்டு நிற்கும். கோடையில் சுவர் மண்ணைத் தாங்கவில்லை. மண் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு சுவருக்கு மானம் காப்பாற்றிக் கொடுக்கிறது. மழையில் ஊறிய அன்று அந்த மண் கையை விடும். சுவருக்கு உண்மையான வேலை அன்று தான் ஆரம்பம். அன்றே கடைசி நாளாகவும் ஆகிவிடும்.

"பத்து வருஷமா நிக்குது, ஒண்ணும் ஆகலை" என்பது ஆதாரமே அல்ல. அந்தப் பத்து வருடமும் சுவர் பரீட்சையே எழுதவில்லை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டப் போன பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலும் (ஆம், மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்தவரே தான்) மண்ணின் தள்ளுதலைக் கணக்கிடும் வழியை 1773-ல் பாரிஸ் அகாதமியில் வாசித்தார். 1776-ல் அது அச்சில் வந்தது. 1857-ல் ராங்கின் அதை இன்னும் எளிமையாக்கினார். சிவில் படிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இந்த இரண்டு பெயர்களையும் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். பிறகு சொந்த ஊருக்குப் போகிறார்கள். அங்கே மாமா வீட்டுத் தோட்டத்தில் ஜல்லியும் இல்லாமல் குழாயும் இல்லாமல் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும். "மேஸ்திரிக்குத் தெரியாததா மாப்ளே" என்று மாமா சொல்வார். 250 ஆண்டு அறிவு வாயை மூடிக்கொண்டு காப்பி குடிக்கும்.

முதலில் வெட்டப்படுவது எது?

ஒரு தடுப்புச் சுவரில் கண்ணுக்குத் தெரிவது முன்பக்கம் மட்டும் தான். கல், காரை, பூச்சு, பெயிண்ட். கண்ணுக்குத் தெரியாதது பின்பக்கம். அங்கே ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். அடியில் துளையிட்ட குழாய் ஓட வேண்டும். இவை மூன்றும் இருந்தால் மழைநீர் சுவரைத் தொடும் முன்பே கீழிறங்கிக் குழாய் வழியே வெளியேறிவிடும். இல்லாவிட்டால் சுவர் ஒரு அணையாகிவிடும். அணை கட்டுவதற்கு வேறு கணக்கு உண்டு. அதை யாரும் நாலு நாளில் கட்டுவதில்லை.

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டப்படுவது இந்தப் பின்பக்கம் தான். முன்பக்கத்துக் கல்லில் குறை வைத்தால் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். பின்னால் ஜல்லிக்குப் பதில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடினால் யார் கேட்கப் போகிறார்கள்? கூடவே உடைந்த செங்கல், சிமெண்ட் சாக்கு, மரத்துண்டு எல்லாம் உள்ளே போய்விடும். குப்பை அள்ளும் கூலியும் மிச்சம்!

வீப் ஹோல் வைக்கும் லட்சணம் இதற்கும் மேல். சிமெண்ட் வைத்துக் கட்டும் சுவரில் மூன்று நான்கு அங்குலக் குழாய்த் துண்டுகளை ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாய்த்துப் பதிக்க வேண்டும். பின்னால் ஜல்லி இருந்தால் தான் இவற்றுக்குப் பொருள் உண்டு. பல சுவர்களில் குழாய்த் துண்டு இருக்கிறது. பின்னால் நேரடியாகக் களிமண். முதல் மழையிலேயே அடைத்துக்கொள்ளும். சில இடங்களில் அழகு கெடுகிறது என்று பூச்சு வேலைக்காரர் துளையையே மூடிவிடுவார். அடைமழையில் வீப் ஹோல் காய்ந்து கிடந்தால் வீட்டுக்காரர் சந்தோஷப்படுகிறார், சுவர் 'லீக்' ஆகவில்லையாம். பயப்பட வேண்டிய நேரம் அது.

இப்போது யூட்யூப் பார்த்துத் தானே கட்டக் கிளம்புபவர்களும் பெருகிவிட்டார்கள். தானே கட்டுவது தப்பில்லை, நல்ல விஷயம் தான். ஆனால் நல்ல வீடியோ எதுவாக இருந்தாலும் அதில் பாதி நேரம் பள்ளம் தோண்டுவதும் ஜல்லி நிரப்புவதும் தான் இருக்கும். அந்தப் பாதியைத் தள்ளிவிட்டு, கல் அடுக்கும் இடத்தை மட்டும் பார்ப்பதில் தான் ஆபத்து. இன்னொன்று, அந்த வீடியோ எந்த ஊர் மழையை மனதில் வைத்து எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. லண்டனில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவமழை சினம் கொண்டால் நீலகிரியில் அதில் பெரும்பங்கை ஓரிரு நாளில் கொட்டிவிடும். 2009 நவம்பரில் அப்படித் தான் கொட்டியது. ஒரு சில நாட்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

"அந்தக் காலத்துல சிமெண்ட்டா வெச்சாங்க?"

இந்த வாதத்தை எடுப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் சரியான இடத்தைத் தொடுகிறார்கள். அந்தக் காலத்தில் சிமெண்ட் இல்லை. அதனால் தான் பல சுவர்கள் பிழைத்தன!

சிமெண்டோ சுண்ணாம்போ இல்லாமல் கல்லின் மேல் கல்லை வாகு பார்த்து அடுக்கிக் கட்டும் சுவர் உலகம் முழுக்க மலைச்சரிவுகளில் உண்டு. 2018-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், கிரீஸ், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எட்டு நாடுகள் சேர்ந்து அதற்காக விண்ணப்பித்திருந்தன. இந்தியத் தரநிலைகள் நிறுவனமும் மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்று 1990-களின் இறுதியில் ஐ.எஸ். 14458 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அதன் மூன்றாம் பகுதி முழுக்க முழுக்க இந்தச் சிமெண்ட் இல்லாத கல் சுவர் பற்றியது. ஆகவே இது 'பட்டிக்காட்டு வேலை' அல்ல.

அப்படிப்பட்ட சுவர் முழுக்க வீப் ஹோல் தான். எந்த இடுக்கில் வேண்டுமானாலும் தண்ணீர் வெளியேறலாம். மண் கொஞ்சம் நகர்ந்தால் சுவரும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வயிறு தள்ளி, "என்னைக் கவனி" என்று முன்கூட்டியே சொல்லும். அந்த இடத்தைப் பிரித்து அதே கல்லை வைத்து மறுபடி அடுக்கலாம். சிமெண்ட் சுவர் விறைப்பானது. விரிசல் விட்டாலும் பூச்சு பூசி மறைத்துவிடுவார்கள். பிறகு ஒரு நாள் ஒட்டுமொத்தமாகச் சாயும்.

இதைக் கண்மூடித்தனமாகப் புகழவும் வேண்டியதில்லை. சரியாக அடுக்கத் தெரியாதவர் கட்டிய கல் சுவரும் விழும். உயரமாகக் கட்டினால் நிச்சயம் விழும். ஆனால் முதல் முறை கட்டும் ஒருவர், இடுப்பளவுக்குக் கீழே, தன் கையால் கட்டக் கூடிய சுவர் எது என்று கேட்டால் பதில் இது தான். தப்பு செய்தாலும் உயிர் போகாத அளவுக்குள் தப்பு செய்ய இடம் தருகிறது. சிமெண்ட் அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

கீழே இருப்பவர் யார்?

தடுப்புச் சுவர் பற்றிய பேச்சில் எப்போதும் வராத ஒரு ஆள் உண்டு. சுவருக்குக் கீழே குடியிருப்பவர். பணம் போடுவது மேலே இருப்பவர். உயரம் முடிவு செய்வது அவர். ஜல்லி வேண்டாம் என்று மிச்சம் பிடிப்பதும் அவர். விழுந்தால் மண்ணுக்கடியில் போவது மட்டும் இன்னொருவர்.

2019 டிசம்பர் 2, விடியும் முன்பே மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஒரு சுவர் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அது தோட்டத்துத் தடுப்புச் சுவர் அல்ல. ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர். கீழே ஓட்டு வீடுகளில் இருந்தவர்கள் தலித் குடும்பங்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டதாகப் பகுதி மக்கள் சொன்னார்கள். சுவரின் வகை வேறாக இருக்கலாம். மேலே இருப்பவர் தீர்மானிக்க, கீழே இருப்பவர் முறையிட, மழை தீர்ப்புச் சொல்லும் இந்த ஏற்பாடு மட்டும் ஒன்றே தான்.

கட்டி முடித்த பிறகு தான் ஆபத்து என்பதும் இல்லை. 2024 பிப்ரவரி 7 அன்று உதகை அருகே லவ்டேலில் வீடு கட்டும் பணிக்காக மண் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்தது. ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிப்ரவரி மழைக்காலமும் அல்ல. செங்குத்தாக வெட்டிய மண், அதற்கு மேலே ஒரு பாரம், அதற்குக் கீழே ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால் மாதம் பார்க்க வேண்டியதில்லை. "நாலு நாள் வேலை" என்று சொல்லும்போது அந்த நாலு நாளும் பள்ளத்துக்குள் நிற்கப் போகிற சித்தாளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதற்கெல்லாம் விதி மேல் பழி போடுபவர்கள் ஹாங்காங்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதுவும் செங்குத்தான மலை, பேய்மழை, நெருக்கமான வீடுகள். 1972 ஜூன் 18-ம் தேதி ஒரே நாளில் இரண்டு மண்சரிவுகள். ஒன்றில் 71 பேர், மற்றொன்றில் 67 பேர் இறந்தார்கள். 1976-ல் மறுபடி 18 பேர். 1977-ல் அரசு சரிவுகளுக்கென்றே ஒரு தனிப் பொறியியல் அலுவலகத்தை அமைத்தது. அதோடு முடியவில்லை. 1994-ல் ஒரு பழைய கல் தடுப்புச் சுவர் இடிந்து 5 பேர் இறந்தபோது விசாரித்தார்கள். நிலத்தடி வடிகால் குழாய்களில் கசிந்த தண்ணீர் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மறுபடியும் தண்ணீர்! இன்று அங்கே மனிதர் வெட்டிய சரிவுகளும் தடுப்புச் சுவர்களுமாகச் சுமார் 60,000 பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பராமரிக்க வேண்டியவர் யார் என்பதை யாரும் தேடிப் பார்க்கலாம். சரிவு மாறவில்லை, மழை மாறவில்லை. பொறுப்பு யாருடையது என்பது எழுதப்பட்டது. அவ்வளவு தான் வித்தியாசம்.

நீலகிரியிலும் விதிகள் இல்லாமல் இல்லை. கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு, அனுமதியில்லாமல் ஜேசிபி விட்டு மண் வெட்டத் தடை உண்டு. ஆனால் விதிகளின் கண் கட்டடத்தின் மேல் இருக்கும் அளவுக்குத் தோட்டத்துச் சுவரின் மேல் இல்லை. வரைபடத்தில் படுக்கையறை எத்தனை அடி என்று இருக்கும். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு கோடு கூட இருக்காது.

முதல் முறை கட்டுபவருக்குச் சில வரிகள்

திட்டுவதோடு நின்றால் நியாயம் இல்லை. ஆகவே இதோ:

1. சுவர் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். சாய்வு மிதமாக இருந்தால் சரிவை அப்படியே விட்டு, வேர் பிடிக்கும் செடி வைத்தால் போதும். ஆங்கிலத்துக்கே பெயர் கொடுத்த நம் வெட்டிவேர் இந்த வேலையில் கெட்டிக்காரன். இரண்டு மூன்று மீட்டர் ஆழம் வேர் இறக்கும். (உறைபனி விழும் உதகை உயரத்தில் வளர்ச்சி மந்தம், அங்கே உள்ளூர்ப் புல்லும் புதரும் மேல்.)

2. மூன்றடிக்கு மேல் தானாகக் கட்டக் கூடாது. அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதிகளே நாலு அடி வரைக்கும் தான் அனுமதியில்லாமல் கட்ட விடுகின்றன. அந்த நாலு அடியும் தரையிலிருந்து அல்ல, அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளக்கப்படுவது. சுவருக்குப் பின்னால் கூடுதல் பாரம் இருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது.

3. ஆறடி தேவை என்றால் ஒரே சுவராக எழுப்பாமல் இரண்டு படிகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி வேண்டும். கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது. இல்லாவிட்டால் மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரின் தலையில் தான். இடைவெளிக்கு இடம் இல்லையா? அப்படியானால் அது தானே கட்டும் வேலை இல்லை.

4. வானம் தோண்டும்போது மேல்மண்ணைக் கடந்து கெட்டியான மண் வரும் வரை போக வேண்டும். நீளம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து போடக் கூடாது. ஒரு துண்டு வெட்டி, கட்டி, நிரப்பிவிட்டு அடுத்த துண்டு. நீலகிரியில் ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு நல்ல காலம். ஐப்பசியில் ஆரம்பிப்பது தற்கொலை.

5. அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. சுவர் தூக்குக் குண்டுக்கு நேராக நிற்க வேண்டியதில்லை. அடிக்கு இரண்டு அங்குலம் வீதம் மலைப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். பெரிய கல் அடியில். கல்லின் நீளப்பக்கம் உள்நோக்கி. ஒரு வரியின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரியின் இணைப்பு வரக் கூடாது. மீட்டருக்கு ஒன்றாவது, சுவரின் முழு அகலத்துக்கும் போகும் நீளக் கல். உள்ளே இடுக்குகளில் சின்னக் கல்லை இறுக்கமாகத் திணிக்க வேண்டும், மண்ணைப் போட்டு நிரப்பக் கூடாது.

6. பின்னால் ஒரு அடி ஜல்லி, வடிகட்டித் துணி, அடியில் துளைக் குழாய். பழைய சாக்கு துணிக்கு மாற்று ஆகாது. இரண்டு மழையில் மட்கிவிடும். குழாய் நூற்றுக்கு ஒன்று வீதமாவது சாய்ந்து ஓடை வரைக்கும் போக வேண்டும். பக்கத்து வீட்டு வாசல் ஓடை அல்ல!

7. சுவருக்குப் பின்னால் மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, கையால் திமிசுக் கட்டை கொண்டு இடிக்க வேண்டும். மேலே மழைநீர் உள்ளே இறங்காமல் பக்கவாட்டில் ஓட ஒரு சின்ன வாய்க்கால் வேண்டும்.

8. சுவரின் தலைமாட்டில் தண்ணீர்த் தொட்டி வைக்கக் கூடாது. 1000 லிட்டர் என்றால் ஒரு டன். கார் நிறுத்தக் கூடாது. குளியலறைத் தண்ணீரையும் கழிவுநீரையும் அங்கே ஊற விடவே கூடாது. பலர் வீட்டில் மழையே தேவையில்லை, தினசரிக் குளியலே சுவரை ஊற வைக்கிறது.

"இன்ஜினியருக்குக் குடுக்கக் காசு எங்கே?"

கடைசியாக வரும் வாதம் இது. இதில் உண்மை இருக்கிறது. கடன் வாங்கி மனை வாங்கி, நகை வைத்து வீடு கட்டியவரிடம் "இன்னும் ஒரு ஆளுக்குக் கட்டணம் கொடு" என்று சொல்வது எளிது. ஆனால் மேலே உள்ள எட்டு வரிகளில் பெரும்பாலானவை செலவைக் கூட்டுபவை அல்ல, ஆசையைக் குறைப்பவை. உயரத்தைக் குறைத்தால் கல் குறையும். படியாகப் பிரித்தால் தோட்டம் அழகாகவே இருக்கும். பூச்சும் பெயிண்டும் இல்லாத கல் சுவரில் மிச்சமாகும் பணம் ஜல்லிக்கும் குழாய்க்கும் ஆகும். மூன்றடிச் சுவருக்கு இன்ஜினியர் தேவையே இல்லை. ஏழடிச் சுவர் வேண்டும், கார் நிறுத்தும் இடம் வேண்டும், ஆனால் இன்ஜினியர் மட்டும் வேண்டாம் என்பவரிடம் இல்லாதது காசு அல்ல.

ஏழைக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. மலை மாவட்டங்களில் உள்ளாட்சி அலுவலகத்திலேயே நாலு அடிக்கு மேற்பட்ட சுவர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள். அனுமதி வரைபடத்தில் தண்ணீர் போகும் வழிக்குக் கட்டாயம் ஒரு கோடு. கீழே குடியிருப்பவர் அந்த வரைபடத்தைக் கேட்டுப் பார்க்கவும் ஆட்சேபிக்கவும் உரிமை. இவை ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சரிவுக்கு எண் போட்டு வைக்க ஒரு ஊரால் முடிந்திருக்கிறது. ரேஷன் கார்டுக்கும் கறவை மாட்டுக்கும் எண் போடத் தெரிந்த நாட்டுக்கு இது முடியாதா?

அதுவரை, அடைமழை நாளில் ஒரு வேலை எல்லோராலும் செய்ய முடியும். குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் மேலே நின்று தோட்டத்தைப் பார்ப்பதை விட்டு, படியிறங்கிக் கீழே போய் நின்று தன் சுவரை நிமிர்ந்து பார்க்கலாம். துளைகளில் தண்ணீர் வருகிறதா? சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? அந்த இடத்தில் பத்து நிமிடம் நிற்கப் பயமாக இருந்தால், அங்கே இரவு முழுக்கத் தூங்குகிறவருக்கும் அதே பயம் இருக்கும்.